முப்பது லேப்டாப்பும் ஓர் ஆயுத பூஜையும்

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது மூன்று. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்து பேரும் இன்று சொந்தக் காலில் நிற்கிறார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் எழுத்தை முகம் பார்த்து அடையாளம் சொல்வேன். இவ்வளவை வைத்துக்கொண்டு ஓசூரில் பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்கிற ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். கடைசி ஐந்து வருஷம் வைஃபை டேபிள் என்னுடையது. புதிதாகச் சேருகிற பெண்களுக்காக எழுதித் தரும்படி எங்கள் முதலாளி சுஜாதா மேடம் கேட்டார். நான் சொல்கிறேன், பேத்தி நித்யா டைப் அடிக்கிறாள்.

1. பெருக்க வந்தவள்

அங்கே பெருக்கத்தான் சேர்ந்தேன். பெங்களூர் கம்பெனிகள் கழித்துப்போட்ட லேப்டாப்புகள் வேனில் வந்து இறங்கும். பிரிக்கிற இடத்தில் தரையெல்லாம் ஸ்க்ரூ. முதல் நாள் பெருக்கினபோது குப்பையோடு ஒரு கை ஸ்க்ரூ வந்தது. எறிய மனம் வரவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஓர் ஓட்டை இட்லித் தட்டைக் கொண்டுபோய், குழிக்கு ஒரு அளவாகப் பிரித்து வைத்தேன். மூன்றாம் நாள் ஒரு பையன் ஸ்க்ரூவைத் தேடித் தவித்தபோது தட்டை நீட்டினேன். மேடம் அதைப் பார்த்தார். அடுத்த வாரம் துடைப்பம் வேறொருவர் கைக்குப் போனது, ஸ்க்ரூ டிரைவர் என் கைக்கு வந்தது.

வைஃபை கார்டு பிஸ்கட் அளவுதான் இருக்கும். அதில் கறுப்பு ஒயர் ஒன்று, வெள்ளை ஒயர் ஒன்று, மிளகை விடச் சின்ன முனையோடு மாட்ட வேண்டும். ஆண்கள் கொறடு வைத்து நசுக்கிவிடுவார்கள். நான் பதினைந்து வருஷம் ரோஜாத் தோட்டத்தில் மொக்குக் கிள்ளினவள். நகத்தால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும், உட்கார்ந்துவிடும். வைஃபை டேபிள் எனக்கு வந்தது அப்படித்தான்.

2. நடுவில் நிற்கிற ஆள்

எங்கள் மெஷின்களில் லினக்ஸ் என்கிற இலவச சாஃப்ட்வேரைப் போடுவோம். டிரைவர் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தவன் மஞ்சுநாத். அத்திப்பள்ளியிலிருந்து பைக்கில் வருகிற கன்னடப் பையன். இன்ஜினியர், ஆறு மாசம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக மேடம் வைத்திருந்தார். என்னை அஜ்ஜி என்பான். நான் ஒன்றும் அவ்வளவு கிழவி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

எங்கள் மேடத்துக்குத் தெலுங்கும் தமிழும் வரும், கன்னடம் வராது. வேன் ஓட்டுகிறவருக்குக் கன்னடம் மட்டும்தான். வேனில் என்ன வந்தது, என்ன உடைந்தது என்பதை நான்தான் நடுவில் நின்று இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் சொல்வேன். மஞ்சுநாத் அதைக் காட்டித்தான் சொன்னான். கார்டு ஒரு பாஷை, லினக்ஸ் ஒரு பாஷை, நடுவில் நின்று சொல்கிறது டிரைவர். ஓபன் சோர்ஸ் டிரைவர் என்றால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் எழுதினவர்களிடமே கேட்கலாம். எனக்கு அது பிடித்துப்போனது.

கார்டுகளில் சிலது போட்டவுடன் பேசும். சிலதுக்கு ஃபர்ம்வேர் என்று ஒரு ஃபைலைத் தனியாக ஊட்டினால்தான் வாய் திறக்கும். பேசுகிறதெல்லாம் பச்சை மூடி டப்பாவில், ஊட்ட வேண்டியதெல்லாம் சிவப்பு மூடி டப்பாவில் போடுவேன். ஒரு கார்டும் டப்பா மாறினதில்லை.

3. பொட்டு

போச்சம்பள்ளியில் பெண்களுக்கான ஒரு பயிற்சி நிலையம் முப்பது லேப்டாப் கேட்டது. முப்பதும் ஒரே மாடல், ஒரே கார்டு, பச்சை டப்பா கார்டு. பூஜைக்கு முதல் நாள் முப்பதையும் நானே டெஸ்ட் செய்தேன். எல்லாவற்றிலும் நெட் வந்தது.

ஆயுத பூஜை அன்று ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயன், டெஸ்டர், வேன் சக்கரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அந்த முப்பதுக்கு மட்டும் வைக்க வேண்டாம், கஸ்டமர் சாமான், மேல்மூடியில் கறை படும் என்று மேடம் சொல்லிவிட்டார். எனக்கு ஆறவில்லை. பூஜை நாளில் எல்லாம் பொட்டோடு இருக்க, இது முப்பதும் மூளியாகவா இருப்பது? மேல்மூடியில்தானே கூடாது என்றார். ஓரத்தில் வைஃபையைப் போடவும் நிறுத்தவும் ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கிறது. நான் வைஃபை டேபிள்காரி, என் சாமான் அது. சந்தனத்தைத் தண்ணீர்விட்டுக் குழைத்து, முப்பது சுவிட்சுக்கும் ஒரு துளி வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். மனசு நிறைந்தது.

லீவு முடிந்து வந்ததும் ஈரத்துணியால் துடைத்தேன். சுவிட்சுகள் ஆன் பக்கமே நின்றன. யாருக்கும் தெரியவில்லை.

அதே காலையில் மஞ்சுநாத் முப்பதுக்கும் புது லினக்ஸைப் போட்டான். அதோடு புது வைஃபை டிரைவரும் வந்தது. போட்டு முடித்தால் ஒன்றிலும் வைஃபை இல்லை.

4. மூன்று நாள்

டிரைவர் ஒரே பதிலைச் சொன்னது: ‘ஹார்டு பிளாக்டு’. அதாவது சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது என்று. மஞ்சுநாத் சுவிட்சைப் பார்த்தான், ஆனில் இருந்தது. டிரைவர் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினான். ஒன்றில் மட்டும் பழைய டிரைவரைத் திரும்பப் போட்டுப் பார்த்தான், அதே பதில். புதியது உள்ளே எதையோ மாற்றிவிட்டது என்று பயந்தான். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே இரண்டு நாள் திருப்பிக் கொண்டுபோனான்.

மேடம் சத்தம் போடுகிறவர் இல்லை. எல்லாருக்கும் முன்னால் அமைதியாகச் சொன்னார்.

“அம்மா டெஸ்ட் பண்ணி ஓகே ஆன மெஷின்ல உன்ன யாரு கை வெக்கச் சொன்னது? சனிக்கெழம வேன் போகணும் மஞ்சு. போகலன்னா நீ வேற எடம் பாத்துக்கோ.”

‘அம்மா’ என்று என்னைத்தான் சொன்னார். அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மஞ்சுநாத் அந்த டிரைவரை எழுதினவர்களுக்கு எழுதிப் போட்டான். எந்தத் தேசமோ தெரியாது, வெள்ளிக்கிழமை காலையில் ஒருவர் பதில் போட்டிருந்தார். டிரைவர் தானாக எதுவும் சொல்வதில்லை, சுவிட்ச் சொல்வதைத்தான் சொல்லும், சுவிட்சைக் கழற்றிப் பார்த்தாயா என்று கேட்டிருந்தார். மஞ்சுநாத் எனக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கசப்பாகச் சிரித்தான்.

“ஒண்ணு ரெண்டு சுவிட்ச் கெடும் அஜ்ஜி. முப்பதும் ஒரே நாள்ல கெடுமா? முப்பதுக்கும் சேத்து அப்டி என்ன நடந்துட்டுது?”

முப்பதுக்கும் சேர்த்து ஒரே நாளில் நடந்தது ஒன்றுதான்.

அவன் டீ குடிக்கப் போனதும் ஒன்றைப் பிரித்தேன். சுவிட்சின் உள்ளே, தகடும் தகடும் தொடுகிற இடத்தில், மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. வெளியே துடைத்தேனே தவிர, தண்ணீரோடு உள்ளே இறங்கினதை யார் துடைத்தது? சொல்லாமல் முப்பதையும் சுத்தம் செய்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தானாகச் சரியானதாக இருக்கட்டும், வேனும் போகும், என் பேரும் கெடாது. ஆனால் நல்ல மெஷினைக் கெடுத்தவன் என்ற பேர் அவன் மேலேயே நின்றுவிடும். உண்மை சொன்ன டிரைவருக்கும் பொய்யன் பட்டம் நிற்கும். நடுவில் நின்று பேசுகிற வேலை எனக்குத் தெரியும். சரியாகச் சொல்லியும் திட்டு வாங்கினால் எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

அவன் வந்ததும் சொன்னேன்.

“மஞ்சு, டிரைவர் பொய் சொல்லல. இது நான் வெச்ச சந்தனம்.”

“எந்தச் சந்தனம் அஜ்ஜி?”

காட்டினேன். முகர்ந்து பார்த்தான்.

“வாசன இன்னும் போகல அஜ்ஜி,” என்று தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான். மூன்று நாளுக்குப் பிறகு மனசு விட்டுச் சிரித்த சிரிப்பு.

ஸ்பிரிட் தொட்டு, பிரஷால் தேய்த்து மாட்டினோம். பக்கத்துக் கம்பெனியின் நெட் பேர் முதற்கொண்டு வரிசையாக வந்து நின்றது. அதே புது டிரைவர்தான். மிச்சம் இருபத்தொன்பது சாயங்காலத்துக்குள் முடிந்தது.

மேடத்திடம் நானே போனேன். நடந்ததைச் சொல்லி முடித்ததும் கேட்டார்.

“கண்ணு படக் கூடாதுன்னு வெச்சியா?”

“ஆமா மேடம்.”

“சிக்னலே படல பாரு.”

அதோடு சரி. ஆனால் என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, மஞ்சுநாத்தைக் கூப்பிட்டு, தான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எல்லாருக்கும் முன்னால் சொன்னார். சனிக்கிழமை வேன் போச்சம்பள்ளிக்குப் போனது. அடுத்த மாசம் அவன் நிரந்தரம் ஆனான். அஜ்ஜி என்பதை மட்டும் இன்றுவரை விடவில்லை.

அந்தத் தூரத்து ஆளுக்கு நடந்ததை அப்படியே எழுதினான். அவர் சந்தனத்தின் படம் கேட்டாராம். அந்தக் கேள்வியும் பதிலும் படமும் இன்னும் இன்டர்நெட்டில் இருக்கிறது, எந்த ஊர்க்காரரும் பார்க்கலாம். ஓபன் சோர்ஸில் எழுத்து மட்டும் திறந்து கிடக்கவில்லை. நாம் செய்த தப்பும் திறந்துதான் கிடக்கிறது. அடுத்தவள் அதே இடத்தில் இடறாமல் இருக்க அதுதான் வழி.

சேருகிற பெண்களே, டிரைவரைத் திட்டுவதற்கு முன்னால் அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். உங்கள் கை பட்ட இடத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். பூஜைக்குப் பொட்டு வையுங்கள், டேபிள் காலில்.

நித்யா, பொட்டு வெச்ச எடத்துல இருந்து ஒரு தடவ படி. சொல்லாம சுத்தம் பண்ணிடலாம்னு நான் நெனச்சத டைப் அடிச்சியா, இல்ல எனக்காக வுட்டுட்டியா? அத நான் காதால கேக்கணும்.