முடி தராத முடியப்பர்

பத்தொன்பது வயதில் எனக்கு டைபாய்டு வந்தது. பர்மாவில் எங்கள் வீட்டருகே போட்டாதாங் துறையில் கப்பல் ஊதும்போதெல்லாம் என் கட்டிலும் மெல்ல நகர்வதாகத் தோன்றும். மூன்று வாரமும் தண்ணீர்மேலேயே படுத்திருந்தேன் என்றுதான் இப்போதும் நினைவு. கரை ஏறியபோது தலையில் முடி இல்லை. கொத்துக்கொத்தாய்க் கொட்டியது போக, மிச்சத்தை மழித்துவிட்டிருந்தார்கள்.

நான் பிழைத்த சந்தோஷம் அம்மாவுக்கு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மூன்று மாதத்தில் த்வாண்டே ஊரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்குள் முடி வளர வேண்டும். "அப்பன் இல்லாத புள்ளைக்கு இப்படி இன்னொரு எடம் வருமா?" என்று சுவரிடம் கேட்பாள். சுவரைப் பார்ப்பாள், என் தலையை மட்டும் பார்க்கமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டு அக்கா வேதக்காரர்; கிறிஸ்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தங்கள் கோயிலில் முடியப்பர் என்ற புனிதரின் சுரூபம் இருக்கிறது, கேட்டது கிடைக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவ்வளவுதான், அம்மா பிடித்துக்கொண்டாள்.

"பேர்லயே முடிய வச்சிருக்காரு! குடுக்காமலா போயிருவாரு?"

நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அந்தக் கோயிலுக்குப் போனோம். ஆள் இருக்காது. வண்ணக் கண்ணாடி வழியே வெயில் சிவப்பும் நீலமுமாய்த் தரையில் கிடக்கும். கால் வைத்தால் நனைந்துவிடும் போலிருக்கும். அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை முடியப்பர் காலடியில் வைத்து எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே என்னிடம் நீட்டுவாள். நானே தேய்த்துக்கொள்வேன். மீசை அரும்பாத பிள்ளை அவர். கையில் எதற்கோ மூன்று கல். நோய் தெளியாத அரைத்தூக்கத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கும். நானும் சிரித்து வைப்பேன்.

மூன்று மாதத்தில் வளர்ந்தது ஓரங்குலம். அதில் நாலு ஊசி குத்திச் சவுரி வைத்து, பூவால் மறைத்து என்னை உட்காரவைத்தாள் அம்மா. மாப்பிள்ளையின் பெரியம்மா, "எம்புட்டு நீளம்!" என்று ஆசையாய்ச் சடையைத் தடவினார். கையோடு வந்துவிட்டது.

"ஆமலே!" என்று பர்மியில் அலறி அதைக் கீழே போட்டார். மாப்பிள்ளை தரையில் கிடந்த சடையைத்தான் பார்த்தார். "சீக்காளிப் பொண்ணச் சோடிச்சு எங்க தலையில கட்டப் பாத்தீங்களாக்கும்!" என்று பெரியம்மா சொன்னார். ஊற்றிய டீயைக்கூடத் தொடாமல் எல்லோரும் எழுந்து போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போனதே சண்டைக்குத்தான். நானும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"முடியப்பராம் முடியப்பர்! பேர மாத்து முதல்ல!"

சத்தம் கேட்டு, கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அந்த முடி இல்லம்மா. இது கிரீடம். அவரோட கிரேக்கப் பேருக்கே கிரீடம்னுதான் அர்த்தம்."

பிறகு நீல வெளிச்சத்தில் நின்றபடி கதை சொன்னார். ஆதிக் கிறிஸ்தவர்களிடையே கைம்பெண்களுக்குச் சோறு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறைப்பாடு வந்ததாம். பந்தி விசாரிக்க ஏழு பேரைப் பொறுக்கினார்களாம். அவர்களில் ஒருவர் இந்தத் திருத்தொண்டர். எதிரிகள் அவர்மேல் பொய்ச்சாட்சி சொல்லி விசாரணைச் சபையில் நிறுத்தியபோது அவர் முகம் தேவதூதன் முகம்போல இருந்ததாம். ஊருக்கு வெளியே இழுத்துப் போய்க் கல்லெறிந்தார்கள். முழங்காலிட்டு, இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்தாதேயும் என்று வேண்டிக்கொண்டே செத்தார்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கல் மூன்றையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிக்கிறப்ப அவரப் பெத்தவ எங்க இருந்தா?"

உபதேசியார் கையை விரித்தார். "வேதத்துல சொல்லலம்மா."

"அங்கதான் இருந்திருப்பா. பாக்க முடியாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டிருப்பா."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அவங்க சொன்னது ரொம்ப வலிச்சுதாடி?"

"அது வலிக்கலம்மா," என்றேன். "நீ பாக்காததுதான்."