அக்காவை ஊருக்கு அனுப்பிய என் முதுகு

இரண்டு வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதம். பெங்களூரு மர்பி டவுனில் எங்கள் வீடு. "எங்க ஊர்ல ஃபேனே தேவையில்ல" என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொண்டிருந்த நாங்கள், அந்த வருடம் ஒற்றை ஃபேனுக்குக் கீழே யார் படுப்பது என்று சண்டை போட்டோம். சண்டையில் எப்போதும் அக்காதான் ஜெயிப்பாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டு மாதம் முடிந்திருந்தது. அவளை ஒட்டிக்கொண்டு நானும் காற்று வாங்குவேன்.

நான் ஒரு துணிக்கடையில் சேல்ஸ் கேர்ள். யூனிஃபார்ம் சுத்த பாலியஸ்டர், அதற்கு மேல் ஒரு கோட். புடவையை விரித்து விரித்து மடிப்பதில் மதியத்துக்குள் முதுகு தொப்பலாக நனையும், போட்டபடியே காயும். எங்கள் தெருவில் வேறு தண்ணீர்க் கஷ்டம். லாரி வந்தால்தான் உண்டு. சாயங்காலம் குளிக்கிறேன் என்றால் அம்மா முறைப்பாள். முகத்தை மட்டும் கழுவிவிட்டுப் படுத்துவிடுவேன். போதாததற்கு, சூடு தணியட்டும் என்று தேங்காய் எண்ணெயை முதுகெல்லாம் தேய்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் தலை பின்னிவிட வந்த அம்மா, என் ஜடையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ரவிக்கைக் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். நெஞ்சைப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மை வார்த்திருக்குடி" என்றாள் மெதுவாக.

ஃபேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த அக்காவைத்தான் முதலில் பார்த்தேன். கர்ப்பிணிக்கு அம்மை ஒட்டினால் குழந்தைக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குழந்தை உதைக்கிறதா என்று முந்தின ராத்திரிதான் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மதியத்துக்குள் மாமா, அக்கா புருஷன், வந்து அக்காவைத் தங்கவயலுக்கு, அவள் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போனார். "தலைப்பிரசவத்துக்கு வந்தவள திருப்பி அனுப்புறியேம்மா" என்று ஆட்டோவில் ஏறும்போது அழுதாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு கிடையாது, குளியல் கிடையாது, டாக்டரிடம் போகவே கூடாது. அந்தப் புழுக்கத்தில் குளிக்காமல் கிடந்தால் என்ன ஆகும்? கட்டி கட்டியாக ஏறிக்கொண்டே போனது. சாய்ந்து உட்கார முடியவில்லை. என் முதுகில் ஒன்று புதிதாக வந்தால் அக்காவுக்கும் ஒன்று வந்திருக்கும் என்றே தோன்றும். காலையும் மாலையும் போன் போட்டு, உடம்பில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்பேன். "நீ கேட்டுக் கேட்டே வர வச்சிருவ போல" என்று ஒரு நாள் கடுகடுத்தாள்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. காய்ச்சலே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "இது சாந்தமான அம்மைடி" என்று முடித்துவிட்டாள்.

அந்த வாரம் அக்கா அங்கே செக்கப்புக்குப் போனவள், டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். சரியான திட்டு. பக்கத்தில் படுத்திருந்துவிட்டு இவ்வளவு நாள் கழித்தா சொல்வது, அம்மைதானா என்று தனக்கு உடனே தெரியவேண்டும் என்றாராம். அங்கிருந்தே அக்கா போன் செய்தாள். "முதுக போட்டோ எடுத்து இப்பவே அனுப்பு."

அம்மா பதறிவிட்டாள். "மாரியம்மாவ யாராச்சும் போட்டோ எடுப்பாங்களா? சும்மா இரு."

பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நானே எடுக்கப் பார்த்தேன். கை எட்டாமல் எல்லாம் கலங்கலாக விழுந்தது. அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்த அம்மா, போனை வெடுக்கென்று பிடுங்கினாள். "தாயே, பெத்த வயிறு கேக்குது, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்துவிட்டு எடுத்தாள். பாதி படங்களில் அவள் விரல்தான் இருந்தது. மீதியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் காட்டியது, பதில் மட்டும் இல்லை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. டாக்டரம்மாவே பேசினார். பாதி கன்னடம், பாதி தமிழ். காய்ச்சல் உண்டா, கொப்புளத்தில் தண்ணீரா சீழா, ஒரே சமயத்தில் வந்ததா, என்ன வேலை, என்ன தேய்த்தாய் என்று வரிசையாகக் கேட்டார். வெயில் தொடங்கியதிலிருந்தே ஒன்றிரண்டு இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பரு மாதிரிதாம்மா தெரியுது. ஆனா போட்டோ பாத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். நாளைக்கே ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டு" என்றார்.

மறுநாள் தோல் டாக்டர் முதுகைப் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிட்டார், பருதான் என்று. வியர்வையும் எண்ணெயும் இறுக்கமான துணியும் சேர்ந்து செய்த வேலை. வியர்த்தால் சீக்கிரம் உடம்பைக் கழுவிவிடு, இரண்டு மக் தண்ணீர் போதும். உள்ளே காட்டன் போடு, நனைந்தால் மாற்று. எண்ணெயை விடு. கிள்ளாதே, நார் போட்டுத் தேய்க்காதே. கழுவுவதற்கு ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து தேம்பி அழுதேன். பரு வந்ததற்காகச் சந்தோஷத்தில் அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரோடு நின்றாள். "பருதாம்மா" என்றேன். "இருக்கட்டும். வந்தது எதுவா இருந்தாலும் தண்ணி ஊத்திதான் அனுப்பணும்." ஊற்றினாள். அத்தனை நாள் கழித்து முதுகில் தண்ணீர் பட்ட சுகத்தை என்னவென்று சொல்வது. அன்று சாயங்கால ரயிலிலேயே அக்கா வந்து இறங்கினாள், நேராக ஃபேனுக்குக் கீழே போய்ப் படுத்தாள்.

பரு அடங்க மாதக்கணக்கில் ஆனது. தழும்பு இன்னும் இருக்கிறது. உடம்பில் எது வந்தாலும் இப்போது முதலில் டாக்டரிடம் காட்டிவிடுகிறேன், பயப்படுவதெல்லாம் அப்புறம்தான். அக்கா மகள் இங்கே வரும்போதெல்லாம் என்னைக் குதிரையாக்கி முதுகில் ஏறிக்கொண்டு, "சித்தி, இது என்னா, இது என்னா" என்று ஒவ்வொரு தழும்பாகத் தொட்டுக் கேட்கிறாள். அந்தச் சின்ன விரல் படும்போதெல்லாம், இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு மறுபடியும் ஒரு முறை மூச்சு வருகிறது.