காலி வீடு கழுவுறவளுக்கு ஒரு வீடு

வீடு காலி பண்ணுற அன்னைக்கு, போறவங்களும் வீட்டுக்காரங்களும் சேர்ந்து திட்டுறதுக்குன்னு ஒரு ஆள் வேணும்ல, அந்த ஆளு நான்தான். வாடகை வீடு மாறுன உங்களுக்கெல்லாம் இது தெரியும். சாமானை லொறியில ஏத்துனதுக்கு அப்புறம்தான் அலமாரிக்குப் பின்னால இருந்த பூஞ்சணம், குசினிச் சுவத்து எண்ணெப் பிசுக்கு, கக்கூஸ் மஞ்சக்கறை எல்லாம் கண்ணுல படும். அதைச் சுரண்டிக் கழுவி, சாவியைத் திருப்பிக் குடுக்குற மாதிரி வீட்டை ஆக்குறதுதான் எங்க தொழில். பதுளை டவுனுல நானும் லெச்சுமி அக்காவும் அஞ்சு வருஷமா சோடியா இதைச் செய்யுறோம்.

இப்ப சொல்லப்போற கதையெல்லாம் நடக்கும்போது எனக்கே வீடு இல்ல. பூனாகலைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துல, விடாம பேஞ்ச மழையில, வரிசையா நாங்க குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால மலையில வெடிப்பு விழுந்துருச்சு. ஆபீசருங்க வந்து பாத்துட்டு, இனிமே இங்க யாரும் படுக்கக் கூடாதுன்னு கடுதாசி ஒட்டிட்டாங்க. பதினோரு குடும்பத்தையும் மூடிக்கிடந்த பழைய தேயிலைப் பெக்டரியில கொண்டுபோய் விட்டாங்க. காணி தாறோம், வீடு கட்டித் தாறோம்னு சொன்னாங்க. இன்னமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. அந்தப் பெக்டரித் தூசியும் ஈரமும் எட்டு வயசு மக கவிதாவுக்கு ஒத்துக்கல, மூச்சு இழுப்பு வந்துருச்சு. “மருந்து குடுக்கலாம்மா, ஆனா முதல்ல இடத்தை மாத்துங்க”ன்னு டாக்டர் சொல்லிட்டார். நானும் புருஷனும் படுக்க ஒன்னு, மக படுக்க ஒன்னுன்னு ரெண்டு காம்பிரா உள்ள வீடு டவுனுல. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எந்த வீடு காலியாகுதுன்னு ஊருக்கு முன்னால தெரியுறது எனக்குத்தானே, சுளுவாக் கிடைச்சிரும்னு நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

லேஞ்சி அம்மா

கடைவீதியில துணிக்கடை வச்சிருக்கிற அம்மா ஒருத்தங்க. அவங்க வாடகைக்கு விடுற வீடு மலைச்சரிவுல, ரெண்டு காம்பிரா, தனிக் குழாய். குடியிருந்தவங்க போன பிறகு நாங்க கழுவுனோம். அந்த அம்மா வெள்ளை லேஞ்சி, அதான் கைக்குட்டை, ஒன்னோட வந்து, கதவு நிலைக்கு மேல, பல்புக்கு மேல, ஜன்னல் கம்பிக்குப் பின்னாலன்னு துடைச்சு துடைச்சுப் பாத்தாங்க. லேஞ்சி கறுத்தா திரும்பக் கழுவணும். நாலு தடவை ஏணியில ஏத்தி இறக்குனாங்க. லெச்சுமி அக்கா பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்கே கேட்டுச்சு.

அஞ்சாவது தடவை லேஞ்சி வெள்ளையாவே வந்துச்சு. அம்மா முகத்துலயும் ஒரு சிரிப்பு. இதைவிட நல்ல நேரம் வாய்க்காதுன்னு, பிள்ளையோட சீக்கைச் சொல்லி, எங்களுக்கே இதை வாடகைக்குத் தாங்கம்மான்னு கேட்டுட்டேன். லேஞ்சியை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க: “கழுவுறதுக்கு உன்னை மாதிரி ஆள் கிடைக்காது புள்ள. குடியிருக்கிறதுக்கு நான் வேற மாதிரி ஆள் பாத்திருக்கேன்.”

வேன் போய்ச் சேரட்டும்

நம்ம சனம் வீட்டைத் தண்ணி ஊத்திக் கழுவி விடுறது எப்ப? பொணம் வாசலைத் தாண்டுன கையோட. அதனால பயணம் போறவங்க முதுகுக்குப் பின்னாலயே வாளியைத் தூக்குனா யாருக்கும் பிடிக்காது. இடமாற்றம் கிடைச்சு யாழ்ப்பாணம் போன டீச்சர் ஒருத்தங்க விடியக்காலையில வேன்ல ஏறும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. “அக்கா, நாங்கள் போய்ச் சேர்ந்து போன் எடுக்கிறம். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணியும் ஊத்திப்போடாதேங்கோ.”

வேன் வழியில பழுதாகி நின்னுடுச்சு. காலையில இருந்து நானும் அக்காவும் அந்தக் காலி வீட்டுல சும்மா உக்காந்திருந்தோம். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். சும்மா இருக்குற மனசு சும்மா இருக்குமா? சாமிப் படத்தை எங்க மாட்டலாம், பிள்ளை படிக்கிற மேசையை எந்த ஜன்னலுக்குக் கீழ போடலாம்னு நான் குடியேறியே முடிச்சிட்டேன். “என்னடி, அடுப்பும் பத்த வச்சிட்டியா?”ன்னு அக்கா சிரிச்சுச்சு.

போன் வந்தப்ப மணி நாலு தாண்டிருச்சு. கழுவி முடிக்கிறதுக்குள்ள வீட்டுக்காரர் வந்து, தரை காயலன்னு சத்தம் போட்டார். அந்தக் கோபத்துலயும் நான் வீடு கேட்டேன் பாருங்க, ஆசை வெக்கம் அறியாது. எந்த ஊருன்னு கேட்டார். தோட்டத்தைச் சொன்னேன். கையை ஆட்டிட்டார். “இப்ப ஒரு குடும்பம்னு வருவீங்க. நாளைக்கு ஒரு மழை பேஞ்சா லயமே என் வீட்டுல இறங்கிரும்.”

பொட்டு

எங்க தொழில்ல நாங்க வெறுக்குற சாமான் ஒன்னு உண்டு, ஸ்டிக்கர் பொட்டு. பொம்பளைங்க இருக்குற வீட்டுல கண்ணாடி ஓரம் பூரா ஒட்டியிருக்கும். பிளேடு வச்சுச் சுரண்டணும். ஸ்டேஷன் பக்கம் ஒரு அண்ணன், பொஞ்சாதி தவறி நாப்பது நாள்தான் ஆச்சு, வெலிமடையில தமையன் வீட்டுக்குப் போறார். அவர் லொறியில சாமான் ஏத்துற நேரத்துல, குளியலறைக் கண்ணாடியில இருந்த பொட்டையெல்லாம் சுரண்டி, பேப்பரால துடைச்சு, பளபளன்னு ஆக்கி வச்சேன். எனக்கே பெருமையா இருந்துச்சு.

அவர் ஸ்க்ரூ டிரைவரும் பழைய போர்வையுமா உள்ள வந்தார். அந்தக் கண்ணாடியை மட்டும் லொறியில ஏத்தாம, மடியில வச்சுக் கொண்டுபோக விட்டு வச்சிருக்கார். எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. அழுக்கு வாளியில கையை விட்டுத் துழாவுனேன். அஞ்சோ ஆறோ கிடைச்சுச்சு, பசையெல்லாம் போயி. அன்னைக்கு வீடு கேக்க எனக்கு வாய் வரல. அவர் என் உள்ளங்கையையே பாத்துட்டு மெதுவாச் சொன்னார்: “இருவத்திமூணு இருந்துச்சும்மா. எண்ணி வச்சிருந்தேன்.”

மூணு நாள்

லேஞ்சி அம்மா தேடிப் பிடிச்ச அந்த ‘வேற மாதிரி ஆள்’ ரிட்டயர் ஆன ஒரு கிளார்க்கர் ஐயா. தனி ஆள், சத்தம் போடாத ஆள், சொந்தபந்தம்னு யாரும் வந்து போகாத ஆள். அதனாலதான் அவர் செத்தது மூணு நாள் கழிச்சுத் தெரிஞ்சுச்சு. பொணத்தை எடுத்த பிறகு எங்களைக் கூப்பிட்டாங்க. மெத்தையைப் பின்னால போட்டு எரிச்சோம். ப்ளீச்சிங் பவுடர், தேசிக்காய்ப் புளி, மஞ்சத்தண்ணின்னு மூணு தடவை கழுவி, சுவத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிச்சோம். லெச்சுமி அக்கா வெளிய ஓடிப்போய் வாந்தி எடுத்துட்டு வந்து திரும்பவும் தேச்சுச்சு. “ஐயா, மன்னிச்சுக்கங்க”ன்னு சொல்லிச் சொல்லியே நான் தேச்சேன். அன்னைக்கு அந்த அம்மா லேஞ்சியை எடுத்துக்கிட்டு உள்ள வரல. ரோட்டுல நின்னு மூக்கைத்தான் மூடிக்கிட்டாங்க.

ரெண்டு மாசம் அந்த வீட்டுக்கு ஆள் வரல. சின்ன டவுனு, எல்லாருக்கும் தெரியும். ஒரே வாரத்துல ரெண்டு தடவை மகளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தேன். அப்பத்தான் அந்த அம்மாவோட போன் வந்துச்சு, வீடு இன்னும் வேணுமான்னு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ஒரு மனுசன் கேட்பாரில்லாமச் செத்த வீடு கிடைச்சதுக்குச் சந்தோசப்பட்டேன், அதை நினைச்சா இப்பவும் வெக்கமா இருக்கு. அந்த வீடாம்மான்னு மட்டும்தான் கேட்டேன். அவங்களுக்குக் கோபம் வந்துருச்சு. “நீதானே கழுவுன? அப்புறம் உனக்கென்ன பயம்?”

மழை

பால் காய்ச்சிக் குடிபோனோம். புருஷனுக்கு விசயம் தெரியும், மகளுக்குச் சொல்லல. ஐயா கிடந்த காம்பிராவுல நாங்க படுத்துக்கிட்டோம், அவளுக்கு முன் காம்பிரா. பத்து நாள்ல இழுப்பு குறைஞ்சுச்சு, பிள்ளை மூச்சு விடுற சத்தமே கேக்கல. நான் எழும்பி எழும்பி அவ மூக்குக்கிட்ட கையை வச்சுப் பாப்பேன்.

ஒருநாள் பின்னேரம் மழை பிடிச்சுச்சு. பின்னால துணி எடுத்துட்டு உள்ள வாறேன், பிள்ளை செருப்பைப் போட்டு, ஸ்கூல் பேக்கை முதுகுல மாட்டி, பொறப்புச் சர்டிபிகேட் வச்சிருக்கிற பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறா. மழை வந்தா இதையெல்லாம் எடுத்துக்கிட்டுக் கோயிலுக்கு ஓடணும்னு லயத்துல வச்சுப் பழக்குனதே நான்தான். என்னைப் பாத்ததும் கேட்டா: “அம்மா, மழை வந்துருச்சு. இந்த ஊருல எங்க ஓடணும்?”

ஆகக்கூடி, வாடகைக்கு வீடு தேடி அலையுற உங்களுக்கு நான் சொல்றது இதுதாங்க: நல்லாக் கழுவத் தெரிஞ்சா மட்டும் போதாது, நமக்கு முன்னால அதுல ஒருத்தர் செத்திருக்கவும் வேணும்.