சும்மா என்று எழுதிய குப்பி

எங்கள் ஆய்வகத்தில் பேராசிரியரிடமே நான் சண்டை போட்டிருக்கிறேன். எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிடுபவரிடம் மட்டும் போட்டதில்லை. நான் ஆராய்ச்சி மாணவி, அவர் இருபத்திரண்டு வருடமாக அங்கே டெக்னீஷியன். பொடியாக வரும் மூலக்கூறுகளை நிறுத்து, கரைத்து, சுண்டுவிரல் அளவுக் குப்பிகளில் பிரித்து, உறைபெட்டியில் அடுக்குவது அவர் வேலை. யாராவது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தேடினால், "உள்ள என்ன, சினிமாவா ஓடுது?" என்பார். அதற்கு மேல் யார் நிற்பது?

நாங்கள் ஆராய்ந்தது நுரையீரல் இறுகிப்போகும் ஒரு நோயை. செல்லுக்குள் ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டி எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும், கடைசியில் 'நார் கட்டு' என்ற உத்தரவு போய்ச் சேரும். இந்த நோயில் அந்த உத்தரவு நிற்பதே இல்லை. நடுவழியில் இருக்கும் ஒரு புரதத்தின் குழியில் போய் அடைத்துக்கொள்ளும் சிறு மூலக்கூறு எங்களிடம் இருந்தது. அதைக் கொடுத்து நார் குறைந்தால், உத்தரவு அந்த வழியாகத்தான் போகிறது என்று சொல்லலாம்.

சொல்வதற்கு முன்னால் அக்காவின் சட்டம் ஒன்று உண்டு. அந்த மூலக்கூறோடு அதன் இரட்டையையும் சோதிக்க வேண்டும். அச்சு அசல் அதே உருவம், ஓர் ஓரம் மட்டும் மாறியிருப்பதால் குழியில் பொருந்தாது. முதல் குப்பியில் 'வேலை' என்றும் இரட்டையின் குப்பியில் 'சும்மா' என்றும் எழுதிவைப்பார். சும்மாவும் நாரைக் குறைத்துவிட்டால், நாம் நினைத்த அடைப்பு காரணமில்லை, வேறு ஏதோ நடக்கிறது, செல்லே நலிந்துபோயிருக்கலாம், அதை மருந்து என்று நம்ப முடியாது என்று அர்த்தம்.

அந்த வருடம் சும்மா தீர்ந்துவிட்டது. அதைச் செய்து தரும் கம்பெனியில், அனுப்ப இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா என்பார்கள், எனக்கு ஆக்கவே பொறுமை கிடையாது. அக்கா விடுப்பில் இருந்த வாரத்தில், சும்மாவுக்குப் பதில் வெறும் கரைப்பானை வைத்துச் சோதனையை முடித்துவிட்டேன். மூன்று தட்டுகளிலும் நார் பாதியாகக் குறைந்தது. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல்.

அக்கா திரும்பி வந்ததும், திட்டு வாங்கத் தயாராகத்தான் அவரிடம் நுண்ணோக்கிப் படங்களை நீட்டினேன். அவர் திட்டவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய தம்பிக்கு அதே நோய். பஸ் ஓட்டியவர், நாலு படி ஏற முடியாமல் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்று அக்கா வீட்டுக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தம்பி தினமும் கேட்க ஆரம்பித்தாராம், "மாத்திரையா வர எத்தனை வருஷம் ஆகும்க்கா?"

இந்த முடிவை எழுதி ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டிய வாரத்தில் சும்மா வந்து சேர்ந்தது. பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான்.

"அனுப்பிட்டு அப்புறமா பண்ணிக்கலாமே அக்கா."

"அப்புறம்னா எப்ப? என் தம்பி மாதிரி இன்னும் நூறு பேர் நம்பினப்புறமா?"

செல்களை அவரே வளர்த்தார், மூலக்கூறுகளை அவரே சேர்த்தார். நான்காம் நாள் தட்டுகளின் மேல் எழுதியிருந்ததை நான் டேப் ஒட்டி மறைத்தேன். எது எது என்று தெரியாமல்தான் எண்ண வேண்டும், அதுவும் அவர் சட்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நுண்ணோக்கியில் எண்ணினார். டேப்பை உரித்தோம். கரைப்பான் தட்டில் நார் முழுசாக இருந்தது. வேலையில் பாதி. சும்மாவிலும் அதே பாதி.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொரு தடவை எண்ணிப் பாக்கலாமா?" என்றேன்.

"நமக்குப் பிடிச்ச கணக்கு வர்ற வரைக்கும் எண்ணலாம். அதுக்குப் பேரு வேற."

கட்டுரையைப் பேராசிரியர் நிறுத்திவிட்டார். என் ஒரு வருட உழைப்பு போயிற்று. அவசரப்பட்டது நான், அதனால் யாரையும் திட்டக்கூட வழியில்லை. ஆனால் அக்காவைப் பார்க்கும்போது என் நஷ்டத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"அவன்கிட்ட நானே சொல்றேன். நீயும் வா, தனியா போனா மழுப்பிடுவேன்" என்றார்.

அன்று மாலை போனோம். முன்னறையில் தம்பி நாற்காலியில் இருந்தார். மூக்கிலிருந்து ஒரு குழாய் சுவரோரப் பிராணவாயு இயந்திரத்துக்குப் போனது. அக்கா செருப்பைக் கழற்றியதும் ஆரம்பித்துவிட்டார்.

"அந்த மருந்து இல்லடா. நாங்க நினைச்ச வழியில அது வேலை செய்யல. நான்தான் சோதிச்சுப் பாத்தேன்."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு சிரித்தார்.

"ஸ்கூல்ல நான் ஃபெயிலானப்பவும் நீதான் முதல்ல ஓடிவந்து வீட்டுல சொன்ன."

அக்கா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வாசல் பக்கமிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தம்பி எழுந்து அவரிடம் வரப் பார்த்தார். மூன்றடி வைத்ததும் குழாய் இழுத்தது. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினார்.

"நீ இங்க வாக்கா. என்னால அவ்வளவு தூரம் வர முடியாது."

அக்கா எழுந்து போனார்.