உப்புக் கழுவுமுன்

தவமணியின் புகுந்த வீட்டில் பெருமைக்குப் பஞ்சமே இல்லை. மாமனார் சண்முகநாதன் யாழ்ப்பாணக் கரையில் சரக்குக் கப்பலேறி, இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய துறைமுகத்தில் இறங்கியவர். அப்போது அங்கே கப்பல் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றுதான் இருந்தது. இயந்திர அறைக்குள் நுழைந்து நீராவிக் குழாய்களுக்கு அஸ்பெஸ்டஸ் என்ற கல்நார் சுற்றும் வேலைக்கு வெள்ளைக்காரர் முகம் சுளித்தார்கள். சண்முகநாதன் தன் ஆண்மக்கள் நால்வரையும் வரவழைத்து அதில் இறக்கினார். பிறகு மருமக்கள், ஊர்க்காரர். ஆள் வர வர வேலை வந்தது. கொட்டகை, கப்பல் கட்டும் தளமாக வளர்ந்தது. “எங்கட வீடு இல்லாட்டி அந்தத் துறையில கப்பலே இல்லை” என்று கொழுந்தன்மார் இன்றைக்கும் தொலைபேசியில் மார்தட்டுவார்கள். பொய்யில்லை. அந்தப் பெருமையின் மிச்சம் இப்போது தவமணியின் நெஞ்சுக்குள் இருக்கிறது.

ரொறொன்ரோவில், வெக்ஸ்போர்ட் அடுக்குமாடியில், லிஃப்டிலிருந்து வீட்டுக் கதவுக்கு வருவதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். நுரையீரலைச் சுற்றிய உறையில் புற்றுநோய். கல்நார்த் தூசியால் வருவது, பல ஆண்டு பதுங்கியிருந்து எழும்புவது. மருந்து வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். இத்தனைக்கும் அவள் தளத்துக்குள் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. ஐந்து ஆண்களின் வேலை உடுப்புகளை அந்தத் துறைமுகத்து வீட்டின் பின்வளவில் உதறி உதறித் துவைத்தவள். அந்தக் குடும்பத்தில் அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை.

சாவுக்கு அவள் பயப்படவில்லை. அவளை அரித்தது வேறொன்று.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குப் போய்வந்தவன், உடம்பில் உள்ள உப்பைக் கழுவுமுன் வீட்டின் கடைக்குட்டியைத் தூக்க வேண்டும். தூக்கினால் அடுத்த முறையும் கடல் அவனைத் திருப்பி அனுப்பும். தளத்திலிருந்து வருகிறவனுக்கு உப்பு ஏது? ஆனாலும் வழக்கத்தை விட்டார்களா? கணவன் இராஜரட்ணம் மாச்சாக்குக்குள் விழுந்து எழும்பியவன்போல வெள்ளையாய் வருவான். குளித்துவிட்டுத் தூக்குகிறேன் என்பான். தவமணி விடமாட்டாள். மாமியாரே சும்மா இருந்தாலும் இவள் கைக்குழந்தை நிலாணியை அவன் மார்பில் திணிப்பாள். பிள்ளை அந்த வெள்ளையைத் தட்டித் தட்டிச் சிரிக்கும்.

இராஜரட்ணம் ஐம்பது வயதில் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டான். சிகரெட் என்றார்கள், எல்லோரும் நம்பினார்கள். அதன்பிறகுதான் தாயும் மகளும் கனடாவுக்கு வந்தார்கள்.

இன்று நிலாணிக்கு நாற்பத்தாறு. ரொறொன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் வீடு, வேலை, ஒரு மகள். வெள்ளையாய் வந்த அப்பாவின் கதையைத் தன் மகளுக்கு அவள் ஆசை ஆசையாய்ச் சொல்லும்போதெல்லாம் தவமணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது என்ன வெள்ளை என்று சொன்னால் மகள் ஒவ்வொரு இருமலுக்கும் பயந்து சாவாள். சொல்லாவிட்டால் அவள் நெஞ்சை யாரும் பார்க்கப்போவதில்லை. கும்பிட்ட தெய்வங்களை எல்லாம் தவமணி வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஒன்றும் வழி காட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அதையே கேட்டார். உடுப்புகளை உதறிய காலத்தில் வீட்டில் வேறு யார் இருந்தார்கள், சிறுபிள்ளைகள் உண்டா? தவமணிக்கு இங்கிலீஷ் விளங்கும். பேசத்தான் மூச்சில்லை, மகள்தான் அவளுக்கு வாய்.

“ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லு, பிள்ளை.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாள் பாவி.

 நிலாணி டொக்டர் பக்கம் திரும்பி, நான் இருந்தேன், தினமும் அப்பா என்னைத்தான் முதலில் தூக்குவார் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

“உங்கட வருத்தத்தின்ர பேரைக் கேட்ட அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது அம்மா” என்றாள் தாயிடம். “போன கிழமை போய் நெஞ்சைப் படம் எடுத்தனான்.”

“என்ன சொன்னவை?”

“திரும்ப வரச் சொல்லியிருக்கினம்.”

தவமணி எழும்பினாள். மகளின் கறுப்புக் குளிர்க்கோட்டின் மார்பைக் கையால் தட்டத் தொடங்கினாள். தோளைத் தட்டினாள், கையைத் தட்டினாள், மூச்சு இரைக்க இரைக்கத் தட்டினாள். கோட்டில் ஒரு தூசியும் இல்லை.

“விடுங்கோ அம்மா” என்றாள் நிலாணி.

அவள் விடவில்லை.