கன்னிமூலை ஜன்னல்

மகன் அறை ஜன்னலின் மேல்மூலையில் முதலில் கட்டைவிரல் அளவுக்குத்தான் கறுப்பாக இருந்தது. பார்த்த உடனே முடிவு பண்ணிவிட்டேன், இது மருமகளின் வேலை என்று. எனக்கு எதற்கும் முடிவு பண்ண அரை நிமிடம் போதும். அதில் ஒரு பெருமை வேறு.

அவள் அந்த அறையில் ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ கைப்பிடி வரைக்கும் கயிறு கட்டி, பிள்ளையின் துணிகளைக் காயப்போட்டிருந்தாள். ஈரத்துணியை உள்ளே போட்டால் சுவரில் பூசணம் பிடிக்காமல் மல்லிகையா பூக்கும் என்று கேட்டேன். காலையில் கேட்டேன், மத்தியானம் கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரி காதில் விழுகிற மாதிரியும் கேட்டேன். பொழுது சாய்ந்த பிறகு பச்சைப்பிள்ளை துணி மாடியில் கிடக்கக் கூடாது, காத்துக் கருப்பு அண்டும் என்று சொல்லிச் சொல்லி அவளை உள்ளே காயப்போட வைத்ததே நான்தான். அது அப்போது என் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. திண்டுக்கல்லில் அடிக்கிற வெயிலுக்கு எப்போதடா மழை வரும் என்று ஏங்குகிற ஜனம் நாங்கள். அந்த வருடம் விடாமல் பெய்தது. கறுப்பு மூலையிலிருந்து இறங்கி ஜன்னலின் இரண்டு பக்கமும் ஓடியது. சுண்ணாம்பு உப்பி உதிர்ந்தது. மகன் பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைத்தான். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் சிலிக்கான் பசையை அடைத்தான். மேலே பெயின்ட் அடித்தான். பதினைந்து நாளில் பெயின்டுக்கு மேலேயே பூசணம் வந்து உட்கார்ந்தது.

மருமகள் ஒரு காரியம் செய்தாள். கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு வாரம் துணியை என் அறையில் கொண்டுவந்து காயப்போட்டாள். அப்படியும் அந்த ஜன்னல் பக்கம் ஈரம் கூடியதே தவிரக் குறையவில்லை. "பாருங்கத்தை, துணியால இல்ல," என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான் கண்ணசந்த நேரத்தில் திருட்டுத்தனமாக உள்ளே போட்டு எடுக்கிறாள் என்று மகனிடம் சொன்னேன். என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும். அவனும் நம்பிவிட்டான். அன்றைக்கு அறைக்குள் அவளைத் திருடி என்று அவன் போட்ட சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. நான் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன்.

பிள்ளைக்கு நெஞ்சில் கீச்கீச்சென்று சத்தம் வர ஆரம்பித்தது. டாக்டர் விசாரித்துவிட்டு, பூசணம் உள்ள அறையில் பிள்ளையைப் போடாதீர்கள் என்றார். மறுநாளே மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று போய்ட்டு வாரேன் என்று சொல்லக்கூட இல்லை. திமிரைப் பார் என்று நினைத்தேன்.

அவள் போய் ஒரு மாதம் கழித்து, மழை ஓய்ந்ததும் மகன் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தான். அவர் சுவரைத் தட்டவில்லை, கொத்தவில்லை. ஒரு ஓஸ் பைப்பைக் கேட்டார். வெளியே நின்று முதலில் ஜன்னலுக்குக் கீழே மட்டும் தண்ணீர் அடித்தார். செத்த நேரம் விட்டு, உள்ளே நின்ற என்னிடம் ஈரம் தெரிகிறதா என்று கேட்டார். இல்லை. பிறகு இரண்டு பக்கவாட்டில். இல்லை. பிறகு சன்ஷேடு மேலே. அப்போதும் இல்லை. கீழேயிருந்து ஒவ்வொரு படியாக ஏறினால்தான் எங்கே ஒழுகுகிறது என்று பிடிபடும், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அடித்தால் ஒன்றும் புரியாது என்றார். கடைசியாக மாடிக்குப் போய் அந்த அறைக்கு நேர் மேலே தண்ணீரைத் தேக்கினார். கொஞ்ச நேரத்தில் என் கண் முன்னால் ஜன்னலின் மேல்மூலை வேர்த்தது. ஒரு சொட்டு உருண்டு இறங்கியது.

மாடியில் அவர் எதைப் பார்க்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணமாகி மூன்று வருடம் மகனுக்குப் பிள்ளையில்லை. பழனிப் பக்கத்திலிருந்து வாஸ்து பார்க்கிற ஒருவர் வந்திருந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கன்னிமூலையில தண்ணி எறங்கக் கூடாதுங்க, வம்சம் வத்திப் போயிருமுங்க," என்றார். எங்கள் மாடித் தளம் சரிகிற வாட்டமே அந்தத் தென்மேற்கு மூலைக்குத்தான். மழைத்தண்ணீர்க் குழாயும் அங்கேதான், மகன் அறைக்கு நேர் மேலே. மகனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அதனால் அவனும் மருமகளும் ஊரில் இல்லாத நாளில், துவைக்கிற கல்லுக்குப் பூச வாங்கிய சிமெண்டில் மிச்சத்தை எடுத்து, பழைய வேட்டித் துணியைத் திணித்து அந்தக் குழாயை நானே பூசி அடைத்தேன். வடகிழக்கில் இன்னொரு குழாய் இருக்கிறதே, அதில் போகட்டும் என்று நினைத்தேன். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பதுகூடத் தெரியாத புத்தி. அடுத்த வருடமே பிள்ளை பிறந்தான். என்னால்தான் பிறந்தான் என்று மனதுக்குள் கொண்டாடிக்கொண்டேன்.

கொத்தனார் மாடியிலிருந்து துணிச்சுருளோடு இறங்கி வந்தார். "யாரோ வேணும்னே அடைச்சிருக்காகம்மா. தண்ணி போக வழியில்லாம நின்னு ஊறியிருக்கு," என்றார். மகன் யார் என்று கேட்டான். வீடு கட்டிய பழைய கொத்தனார் செய்திருப்பான் என்று நான் சொன்னேன். என் வாயால் அப்படியே சொன்னேன். மகனும் அந்த ஆளைத் திட்டினான்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. விடிந்ததும் டவுன் பஸ்ஸில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வத்தலக்குண்டு வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வார்த்தையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவளை எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

மருமகள் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மாள் காப்பி போட உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், வாஸ்து, வேட்டித் துணி, நேற்றுச் சொன்ன பொய், ஒன்று விடவில்லை. "என்னைய மன்னிச்சிருத்தா," என்றேன். இந்தப் பிள்ளை வேண்டும் என்று செய்த காரியம், இந்தப் பிள்ளை நெஞ்சிலேயே போய் விழுந்துவிட்டதே என்று அழுதேன்.

அவள் அழவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே, "நீங்க பேசுனதெல்லாம் எனக்குப் பழகிருச்சு அத்தை. அவுகளும் சேந்துக்கிட்டு என்னையத் திருடின்னு சொன்னாகள்ல, அதுக்கு என்ன பண்ணுவீக?" என்றாள்.

அவள் முன்னாலேயே மகனுக்குப் போன் போட்டேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

மகன், "நான் அவள என்னல்லாம் பேசுனேன்னு ஒனக்குத் தெரியுமாம்மா?" என்றான். தெரியும். டிவியைக் குறைத்து வைத்துக் கேட்டவள் அல்லவா நான்.

"போன அவகிட்டக் குடும்மா," என்றான்.

நீட்டினேன். அவள் போனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கையைப் பிள்ளையின் முதுகிலிருந்து எடுக்கவில்லை. அவன் அங்கிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.