தள்ள ஆள் வேண்டாத வண்டி

இன்று காலையும் துரையின் மோட்டாருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். மலாயாவில் இந்த ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணியாக வந்து எட்டு வருஷமாகிறது. இந்தக் கோளாறு மட்டும் போன லீவுக்குப் பிறகு வந்தது. துரை ஏறி உட்கார்ந்தால் என் கால் தானாகப் பின்பக்கம் போகிறது, இரண்டு கையும் தகரத்தில் பதிகின்றன. துரை இறங்கி வந்து குனிந்து டயரைப் பார்த்தார். "காற்றுப் போய்விட்டதா?" என்றார். இல்லை என்றேன். "பின்னே, நீயும் டவுனுக்கு வரவேண்டுமா?" அதுவும் இல்லை என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, காலால் பொத்தானை அமுக்கிக் கிளம்பிவிட்டார். எங்கள் ஊரில் மோட்டாரைத் தள்ளித்தான் அனுப்புவோம் என்று இந்த மனிதருக்கு எங்கே விளக்குவது? எனக்கே அலுத்துவிட்டது.

கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நின்றது அப்பா வாங்கிய வண்டி. கருப்பட்டி வியாபாரம் நன்றாக நடந்த காலத்தில், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கினார். அப்பா போய்ச் சேர்ந்தார், கூரைத் துணி கிழிந்து போனது, முன்னால் கைப்பிடியைச் செருகி எவ்வளவு சுற்றினாலும் இருமுவதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் புறப்பட்டால் ஏழெட்டுப் பேர் வந்துவிடுவார்கள். அடுத்த வீட்டு ஞானமுத்து அண்ணன்தான் முதலில் கைவைப்பார். கடற்கரையிலிருந்து வரும் மீன்காரிகூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தள்ளியிருக்கிறாள். பாழாய்ப்போன வண்டி, ஊர் கூடினால்தான் உருளும்.

ஊர் கூடாத நாளும் வந்தது. என் மனைவி எஸ்தருக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தது ஒரு நடுப்பகலில். அறுப்புக் காலம், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. என் தம்பி தங்கையன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் விட்டுப்போய், கடைசியில் மாட்டுவண்டிக்கு ஓடினான். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. அந்த நேரம் நான் இங்கே ரப்பர் பால் அளந்துகொண்டிருந்திருப்பேன். அந்த மகன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

போன தடவை ஆறு மாத லீவில் ஊருக்குப் போனபோது அடுத்த பிள்ளை உண்டானது. நான் கப்பலேறுவதற்குள் வேறு வண்டி வாங்கியே தீருவது என்று அலைந்தேன். நாகர்கோவில் வக்கீல் ஒருவர் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டிய பழைய வண்டி கிடைத்தது. பார்வைக்கு ஒன்றுமில்லை; ஆனால் அமுக்கினால் கிளம்பும். எனக்கு அது போதும்.

முதல் ஞாயிறு, எல்லோரும் வழக்கம்போல வந்து கைவைத்தார்கள். தங்கையன் அமுக்கினான். வண்டி நழுவிப் போக, ஞானமுத்து அண்ணன் நீட்டிய கையோடு நின்றார். "அப்போ இனி ஒங்களுக்க வண்டிக்கு நாங்க வேண்டாம்லா, தம்பி?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த ஞாயிறு வாசலில் யாரும் இல்லை.

"நீங்க கப்பலேறிப் போயிருவிய," என்றாள் எஸ்தர். "தள்ள வாறவங்கதான் எனக்கு நாலு மொகம். அதையும் நிறுத்தியாச்சு."

"அந்த நாலு மொகம் அண்ணைக்கு எங்க போச்சு?" என்று எரிந்து விழுந்தேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இன்றுவரை அது உறுத்துகிறது.

நேற்று அவள் கடிதம் வந்தது. பெண் குழந்தை, இருவரும் சுகம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொன்னேன், அழுகையும் வந்தது. வண்டி முதல் அமுக்கிலேயே கிளம்பியதாம். அவர்கள் போனது ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம். பிள்ளையோடு திரும்பி வந்தபோது ஞானமுத்து அண்ணன் வாசலுக்கு வந்து, "ஒரு சத்தம் குடுக்கப்பிடாதா, மக்கா?" என்று கண் கலங்கினாராம்.

கப்பலேறிய நம்மவர்கள் இதற்குச் சிரிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். வாங்கியது நல்ல வண்டிதான்; என் மகள் இருக்கிறாள். துரை போன பிறகும் நான் கை நீட்டியபடி புகைக்குள் நின்றிருந்தேன். இங்கேயும் வண்டி கிளம்ப நான் வேண்டாம், அங்கேயும் வேண்டாம்.